உட்கார வேண்டியவர் களமிறங்கிய சனிக்கிழமை: ஒரு நிகழ்வு ஆய்வு

காயத்தோடு இருக்கும் நட்சத்திர வீரரை முக்கியமான ஆட்டத்தில் இறக்கலாமா என்ற கேள்வி, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஒவ்வொரு பருவத்திலும் எங்கேயாவது எழுந்துவிடும். பெரும்பாலும் அதற்கான பதில் மூடிய அறைக்குள் எடுக்கப்படும். வெளியே வருவது ஒரு வரி அறிவிப்புதான். 2016 நவம்பர் 19 அன்று லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் (எல்.எஸ்.யு.) நடந்தது அப்படியல்ல. கணுக்கால் காயத்தால் ஆடப்போவதில்லை என்று இருந்த ஒரு நட்சத்திர வீரர், ஆட்டம் தொடங்குமுன் நடந்த ஒரு தள்ளுமுள்ளுக்குப் பிறகு உடை மாற்றிக்கொண்டு இறங்கினார். முடிவு புரண்டது எல்லோர் கண்முன்னும் நடந்ததால், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். இருந்தாலும் வீரர், பயிற்சியாளர், மாற்று வீரர் என்று பொறுப்பை வைத்தே எழுதுகிறேன். பெயர் வந்தால் கூடவே ரசிகர்களும் வந்துவிடுவார்கள். அப்புறம் பேச்சு கணுக்காலை விட்டு எங்கேயோ போய்விடும். ஸ்கேன் படங்களும் மருத்துவக் குறிப்புகளும் வீரருக்கும் மருத்துவருக்கும் இடையிலானவை. களத்தில் எல்லோரும் கண்டது, பயிற்சியாளர் வெளிப்படையாகச் சொன்னது, ஆட்டப் பதிவேட்டில் உள்ள எண்கள் ஆகியவைதான் இங்கே அடிப்படை.

பின்னணி

ரன்னிங் பேக் என்பவர் பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் ஓடுபவர். கபடியில் ரெய்டு போகிறவரின் கணுக்காலை எப்படிக் குறிவைப்பார்களோ, ஏறக்குறைய அப்படித்தான் இவர் காலுக்கும் ஆபத்து. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பிடிக்க வருபவர்களில் சிலர் 130 கிலோவுக்கு மேல் இருப்பார்கள். மூன்று நான்கு பேர் காலின் மேலேயே விழுவார்கள். யாரும் தொடாவிட்டாலும் கணுக்காலுக்கு ஓய்வில்லை. முழு வேகத்தில் ஓடி, ஒரு காலை ஊன்றி, சட்டென்று பக்கவாட்டில் வெட்டித் திரும்புவதுதான் இவருடைய தொழில். ஊன்றும் கணுக்காலில் நம்பிக்கை இல்லாத ரன்னிங் பேக், நேராக மட்டும் ஓடுவார். நேராக ஓடுபவரைப் பிடிப்பது சுலபம்.

இந்த வீரர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்தவர், சொந்த மாநிலத்துப் பிள்ளை. 2015 பருவத்தில் 1,953 யார்டுகள் ஓடி, 22 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் இறுதிக் கோட்டைத் தாண்டுவது) எடுத்தார். 2016-இல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, வயது 21. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு ஆகாமல் என்.எஃப்.எல். தொழில்முறை லீக்கில் சேர முடியாது என்பது விதி. அந்தக் காலக்கெடு அடுத்த ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டோடு முடிகிறது. டிராஃப்ட் என்பது தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாகப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பது; முன்னால் தேர்வானவருக்குச் சம்பளம் அதிகம். முதல் சில இடங்களுக்குள் தேர்வாவார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். தன் பெயரையும் முகத்தையும் வைத்துக் கல்லூரி வீரர்கள் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி 2021-இல்தான் வந்தது. ஆக, அந்த நவம்பரில் அவர் ஓடிய ஒவ்வொரு யார்டுக்கும் கிடைத்தது கல்வி உதவித்தொகை மட்டும். உண்மையான சம்பளம் ஐந்து மாதம் தள்ளி இருந்தது.

அந்தச் சம்பளம் ஒரே ஆட்டத்தில் எப்படிக் கரையும் என்பதற்கு முன்னுதாரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 2003 ஜனவரியில் ஃபியஸ்டா போல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் மயாமியின் ரன்னிங் பேக் முழங்கால் நார்கள் கிழிந்து விழுந்தார். டிராஃப்டில் 23-ஆவது இடத்துக்குப் போனார். 2012 அக்டோபரில் தென் கரோலினாவின் ரன்னிங் பேக் டென்னசிக்கு எதிராக முழங்காலை முறித்துக்கொண்டார். நான்காம் சுற்றில் அவரை ஓர் அணி எடுத்தது, ஆனால் தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வு பெற்றார். 2016 ஜனவரி 1 அன்று, அதே ஃபியஸ்டா போலில் நோட்டர் டேமின் லைன்பேக்கர் (தடுப்பாட்டக்காரர்) முழங்காலை இழந்து இரண்டாம் சுற்றுக்குச் சரிந்தார். இது நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இத்தகைய வீரர்கள் காப்பீடு எடுப்பது உண்டு. அந்தத் தொகை ஆறுதலாக இருக்குமே தவிர, இழந்த சம்பளத்துக்கு ஈடாகாது.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று: மேலே உள்ளவை எல்லாம் முழங்கால் காயங்கள், அதுவும் நன்றாக இருந்த முழங்காலுக்குத் திடீரென்று நேர்ந்தவை. நம் வீரருக்கு இருந்தது கணுக்கால் காயம். சுளுக்கிய கணுக்காலோடு ஆடியதால் வாழ்க்கை முடிந்துபோனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதன் தொந்தரவு வேறு மாதிரி. மூட்டைப் பிணைக்கும் நார்கள் முழுதாகத் தேறுமுன் மறுபடி மடங்கினால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தளரும். அடுத்த முறை மடங்குவது இன்னும் எளிதாகும். வலியைத் தவிர்க்க உடம்பு தானாகவே எடையை மற்ற காலுக்கு மாற்றும். அந்தப் பளு எங்கே போய் இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை

ஆகஸ்ட் பயிற்சி ஆட்டத்தில் இடது கணுக்கால் பிசகியது. செப்டம்பர் 3 அன்று விஸ்கான்சினுக்கு எதிராக 138 யார்டு ஓடினார். அணி 14–16 என்று தோற்றது. அடுத்த வாரம் ஆடவில்லை. செப்டம்பர் 17 அன்று மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக 28 முறை பந்தெடுத்து 147 யார்டு. செப்டம்பர் 24 அன்று ஆபர்னிடம் 13–18 தோல்வி. அவர் 101 யார்டு எடுத்தார், கணுக்கால் மறுபடி தொந்தரவு கொடுத்தது. மறுநாளே தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவர் இடைக்காலப் பொறுப்பேற்றார்.

அடுத்து நடந்ததுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் தடயம். அக்டோபர் 1 மிசௌரி ஆட்டத்தில் வீரர் உட்கார்ந்தார். அக்டோபர் 8 அன்று ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் நடக்க வேண்டிய ஆட்டம், மேத்யூ சூறாவளியால் தள்ளிப்போனது. அக்டோபர் 15 ஆட்டத்திலும் உட்கார்ந்தார். ஆபர்ன் ஆட்டத்திலிருந்து கணக்கிட்டால் முழுதாக நான்கு வாரம். அக்டோபர் 22 அன்று ஓல் மிஸ்ஸுக்கு எதிராகத் திரும்பியவர், வெறும் 16 ஓட்டத்தில் 284 யார்டு எடுத்தார். மூன்று டச்டவுன், மூன்றுமே ஐம்பது யார்டுக்கு மேற்பட்ட ஓட்டங்கள். பல்கலைக்கழகத்தின் ஓர் ஆட்டச் சாதனை அது. ஓய்வு கொடுத்தால் அந்தக் கணுக்கால் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் அன்று தெரிந்துபோனது.

இன்னொரு தடயமும் உண்டு. அவர் இல்லாத மிசௌரி ஆட்டத்தில் அவருக்குப் பதில் ஓடிய இளைய வீரர் 163 யார்டு எடுத்திருந்தார்.

நவம்பர் அட்டவணை

சூறாவளி அக்டோபரில் ஒரு வாரத்தைக் கொடுத்தது, நவம்பரில் திருப்பி வாங்கிக்கொண்டது. தள்ளிப்போன ஆட்டத்தை எங்கே, எப்போது வைப்பது என்று இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே பெரிய இழுபறி. கடைசியில் நவம்பர் 19 அன்று, கெய்ன்ஸ்வில்லுக்குப் பதில் எல்.எஸ்.யு.வின் ஊரான பேட்டன் ரூஜில் என்று முடிவானது. அந்தத் தேதியில் எல்.எஸ்.யு. சந்திக்க வேண்டியிருந்தது சவுத் அலபாமா என்ற சிறிய அணியை. அந்த ஆட்டம் அட்டவணைப்படி நடந்திருந்தால், நட்சத்திர வீரரை உட்கார வைப்பது ஒரு கேள்வியாகவே எழுந்திருக்காது. இரு தரப்பிலும் கசப்பு வளர்ந்ததும் அந்த இழுபறியில்தான். அன்றைய தள்ளுமுள்ளு வானத்திலிருந்து குதிக்கவில்லை.

நவம்பர் 5: அலபாமாவிடம் 0–10 தோல்வி, வீரர் 17 ஓட்டத்தில் 35 யார்டு. அலபாமாவின் தடுப்பாட்டம் அந்த ஆண்டு எவரையும் அப்படித்தான் ஆக்கியது என்பதால், இதைக் கணுக்காலின் கணக்கில் எழுத மாட்டேன். நவம்பர் 12: ஆர்கன்சாவை 38–10 என்று வென்றார்கள். நட்சத்திரம் 98 யார்டு. அதே ஆட்டத்தில் அதே தடுப்பாட்டத்தின் முன் மாற்று வீரர் 252 யார்டு. நவம்பர் 19 ஃபுளோரிடா. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 24 வியாழக்கிழமை, டெக்சஸ் ஏ அண்ட் எம். ஆறாத கணுக்காலுக்கு 20 நாளில் நான்கு பெரிய ஆட்டங்கள்.

ஃபுளோரிடா ஆட்டம் முக்கியமானதுதான், மறுக்க முடியாது. வென்றால் தென்கிழக்குக் கூட்டமைப்பின் கிழக்குப் பிரிவில் முதலிடம் ஃபுளோரிடாவுக்கு உறுதியாகிவிடும். 6 வெற்றி, 3 தோல்வி என்றிருந்த எல்.எஸ்.யு.வுக்குப் பெரிய ஆண்டிறுதி ஆட்டம் ஒன்றில் இடம்பிடிக்கும் வாய்ப்பு இருந்தது. இடைக்காலப் பயிற்சியாளருக்கோ இது நிரந்தர வேலைக்கான நேர்முகத் தேர்வு மாதிரி. அணியில் வெற்றியின் அவசரம் யாருக்கு அதிகம் என்றால், அவருக்குத்தான்.

ஆட்டத்துக்கு முன்

அன்று வீரர் ஆடுவதாக இல்லை. சீருடையோ தோள் கவசமோ இல்லாமல், சாதாரண உடையில் மைதானத்துக்கு வந்திருந்தார். உடற்பயிற்சி நேரத்தில் இரு அணி வீரர்களும் நெருங்கிவந்து வாய்த்தகராறு ஆனது, பிறகு கைகலப்பானது. அந்தக் கூட்டத்தில் நம் வீரர் ஃபுளோரிடாவின் உதவிப் பயிற்சியாளர் ஒருவரைத் தள்ளியது தொலைக்காட்சியில் பதிவானது. பிறகு உள்ளே போனவர், தலைமைப் பயிற்சியாளரிடம் தானே சென்று, ஆட வேண்டும் என்று கேட்டார். பயிற்சியாளர் சம்மதித்தார். வீரர் உடை மாற்றிக்கொண்டு வந்தார்.

ஏன் அப்படி முடிவு செய்தார்கள்

பயிற்சியாளர் பக்கத்திலிருந்து முதலில் பார்ப்போம். எதிரில் நிற்பவர் 21 வயது ஆள், வாக்குரிமை உள்ளவர், தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்கக் கூடியவர். யாரும் அவரை வற்புறுத்தவில்லை; அவர்தான் கேட்கிறார். ஏப்ரலில் கோடிகள் காத்திருக்கும் ஒருவர், அதை ஓரமாக வைத்துவிட்டு அணிக்காக ஆடுகிறேன் என்று வந்து நிற்கும்போது, மாட்டேன் என்று சொல்ல எந்தப் பயிற்சியாளருக்கு மனம் வரும்? மற்ற வீரர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மறுத்திருந்தால் அன்று உடைமாற்றும் அறையின் சூடு தணிந்திருக்கும். இதெல்லாம் உண்மையான காரணங்கள்தான், சாக்குகள் அல்ல.

வீரர் பக்கம் இன்னும் எளிது. சொந்த மாநிலம், சொந்த மைதானம், கண்ணெதிரே கூட்டாளிகளோடு எதிரணி போட்ட சண்டை. அந்த வயதில் யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

என்றாலும், சண்டைக்கு முன்பும் பின்பும் எது மாறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால் விஷயம் துலங்கும். கணுக்கால் மாறவில்லை. எதிரணி மாறவில்லை. மாற்று வீரருக்குக் காயம் ஏதும் ஆகவில்லை. வியாழக்கிழமை ஆட்டம் தள்ளிப்போகவில்லை. மாறியது வீரரின் மனக்கொதிப்பு ஒன்றுதான். அந்தக் கொதிப்புக்கு ஒரு குணம் உண்டு: சண்டையின் பரபரப்பில் உடம்பு வலியை அமுக்கிவிடும். அந்த நேரத்தில் ‘இப்போ எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். பொய்யல்ல, அவருக்கு அப்படித்தான் இருக்கும். அந்தப் பதிலை மருத்துவத் தகவலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் முதல் வாதம்.

இரண்டாவது, கேள்வி தவறாக வைக்கப்பட்டது. நட்சத்திரம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் யாரும் வேண்டும் என்பார்கள். அன்று உண்மையில் இருந்த தேர்வு வேறு: நோகும் கணுக்காலோடு ஒருவர், அல்லது ஏழு நாளுக்கு முன் 252 யார்டு ஓடிய, நல்ல உடம்போடு இருக்கும் இன்னொருவர். இப்படி வைத்துப் பார்த்தால், காயமுற்றவரை இறக்குவதால் அணிக்குக் கிடைக்கும் கூடுதல் லாபம் மிகக் குறைவு. சில சமயம் நஷ்டம்கூட. மாற்று ஆள் பலவீனமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, யாரிடம் போய்க் கேட்டார் என்பது. 2016 ஜனவரியில்தான் ஐந்து பெரிய கூட்டமைப்புகளும் சேர்ந்து ஒரு விதி நிறைவேற்றியிருந்தன: காயத்திலிருந்து வீரர் திரும்புவதைப் பற்றிய முடிவு மருத்துவர், காயங்களைக் கவனிக்கும் அணிச் சிகிச்சையாளர் ஆகியோருடையது, பயிற்சியாளர் அதில் தலையிட முடியாது. நல்ல விதி. ஆனால் அது மனத்தில் வைத்திருந்தது, பயிற்சியாளர் மருத்துவரை நெருக்கும் சூழ்நிலையை. வீரரே கண்கலங்கப் பயிற்சியாளரிடம் நேரே போய் நிற்கும்போது, மருத்துவர் தடுக்கலாம் என்ற அதிகாரம் இருந்தாலும், பேச்சு அதற்குள் முடிந்துவிடுகிறது. வெற்றியால் வேலை உறுதியாகும் ஒருவர்தான் அந்தக் கோரிக்கையை முதலில் கேட்டார். அவர் நல்லவரா கெட்டவரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த இடத்தில் நிற்கவைக்கப்பட்ட யாருக்கும் நடுநிலை கடினம்.

களத்தில்

12 ஓட்டம், 40 யார்டு. சராசரி மூன்றைக் கொஞ்சம் தாண்டியது. ஓல் மிஸ்ஸுக்கு எதிராக ஓடியவரோடு ஒப்பிட்டால் வேறு ஆள் போலத்தான். ஃபுளோரிடாவின் தடுப்பாட்டமும் வலுவானது என்பதைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தோல்விக்கு இந்த முடிவே காரணம் என்று எழுதினால் அது அபத்தம். ஃபுளோரிடா ஒரே வீச்சில் 98 யார்டு டச்டவுன் எடுத்தது. அதற்கும் ரன்னிங் பேக்கின் கணுக்காலுக்கும் என்ன தொடர்பு? கடைசி நொடிகளில் எல்.எஸ்.யு. கோட்டுக்கு ஓரிரு அடி தூரத்தில் நின்றது. நான்காவது, இறுதி வாய்ப்பில் பந்து போனது மாற்று வீரரிடம். ஃபுளோரிடா அவரைக் கோட்டில் தடுத்துவிட்டது. 16–10. எந்த வீரரைச் சேர்க்க முன்திட்டம் புரட்டப்பட்டதோ, அந்த வீரரிடம் ஆட்டத்தின் மிக முக்கியமான பந்து போகவில்லை. முழு பலத்தோடு நம்ப முடியாத ஒருவரை இறக்கினால் இப்படித்தான் ஆகும்: அவர் களத்திலும் இருப்பார், முழுதாகப் பயன்படவும் மாட்டார்.

அதன் பிறகு

ஐந்தாம் நாள் டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆட்டத்தில் அவரால் ஆட முடியவில்லை. மாற்று வீரர் 285 யார்டு ஓடி, ஒரு மாதத்துக்கு முன் நட்சத்திரம் வைத்த சாதனையை ஒரே யார்டில் தாண்டினார். 54–39 வெற்றி. நவம்பர் 26 அன்று இடைக்காலப் பயிற்சியாளர் நிரந்தரமாக்கப்பட்டார். ஃபுளோரிடாவிடம் தோற்றும் வேலை கிடைத்தது. அந்த ஓர் ஆட்டத்தின் மேல் ஏற்றிவைத்த கனம் பாதி கற்பனை என்று பின்னால் பார்க்கும்போது தெரிகிறது.

டிசம்பர் நடுவில், ஆண்டிறுதி சிட்ரஸ் போலுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே, வீரர் தான் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். சில நாளில் ஸ்டான்ஃபர்டின் ரன்னிங் பேக்கும் சன் போலுக்கு அதே அறிவிப்பைச் செய்தார். அணியைக் கைவிட்டார்கள் என்று இருவரையும் சாடியவர்கள் ஏராளம். டிசம்பர் 30 அன்று ஆரஞ்சு போலில் மிச்சிகனின் டைட் எண்ட் (பந்தைப் பிடிக்கவும் எதிரணியை மறிக்கவும் செய்பவர்) முழங்கால் நார் கிழிந்து ஐந்தாம் சுற்றுக்குப் போனார். சாடியவர்களின் குரல் கொஞ்சம் அடங்கியது. எல்.எஸ்.யு. லூயிவில்லை 29–9 என்று வென்றது. 2017 ஏப்ரல் டிராஃப்டில் நம் வீரர் நான்காவது, ஸ்டான்ஃபர்டுக்காரர் எட்டாவது. தொழில்முறையில் முதல் பருவத்தில் நம் வீரர் 1,040 யார்டு ஓடினார். நவம்பர் 19 அவருக்கு நிரந்தர இழப்பு எதையும் வைக்கவில்லை. ஆனால் விளைவு மோசமாகாததை வைத்து, எடுத்த முடிவு சரி என்று சொல்லிவிட முடியாது.

என்ன மாறியிருக்க வேண்டும்

இறக்கவே கூடாது என்பது என் நிலைப்பாடு அல்ல. ஃபுளோரிடா ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே பரிசோதித்து, ஒற்றைக்காலில் குதிக்கவைத்து, முழு வேகத்தில் ஓடி நின்று பக்கவாட்டில் வெட்டச்சொல்லி, இரு கால்களுக்கும் வித்தியாசம் குறைவு என்று கண்டு, ‘சரி, பத்துப் பன்னிரண்டு ஓட்டம், கோட்டுக்கருகில் மட்டும்’ என்று வகுத்திருந்தால், அதே 12 ஓட்டம் நியாயமான முடிவாக இருந்திருக்கும்.

ஆட்டத்துக்கு முந்தைய மாலையோடு கதவை மூட வேண்டும். அதற்குப் பிறகு ‘ஆடுவார்’ என்பதை ‘ஆட மாட்டார்’ என்று மாற்றலாம். எதிர்த்திசையில் மாற்ற வழியே இருக்கக் கூடாது. இது கொஞ்சம் கறாரான விதிதான். கறாராக இருந்தால்தான் பயிற்சியாளருக்கும் அது உதவும்: அழுதுகொண்டு நிற்கும் பையனிடம் ‘நான் மறுக்கவில்லை, நேற்றே முடிந்துவிட்டது’ என்று சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைக்கும்.

ஆடாத வீரர் உடற்பயிற்சி நேரத்தில் எங்கே நிற்கிறார் என்பதையும் யாராவது கவனிக்க வேண்டும். ஏற்கெனவே கசப்பு ஊறிய இரு அணிகள் நடுக்கோட்டில் உரசும்போது, கவசமில்லாமல், ஆறாத கணுக்காலோடு ஒருவர் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தது, அவர் பிறகு ஆடியதைவிடக் குறைந்த ஆபத்து என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வீரருக்கென்று தனியாக ஒரு ஆள் தேவை என்பதில் எனக்கு இரண்டு மனது. குடும்பத்தார், முகவர், காப்பீட்டுக்காரர் என்று அறைக்குள் ஆள் சேர்ந்தால், அவரவர் கணக்கும் கூடவே வரும். ஏப்ரல் பணத்தை மட்டும் பார்ப்பவர் எல்லா ஆட்டத்துக்கும் வேண்டாம் என்றே சொல்வார். மருத்துவக் குழுவில் ஒருவர், அணியின் வெற்றி தோல்வியால் சம்பளம் மாறாதவர், பருவம் முழுக்க அந்தக் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தவர், கோரிக்கையை முதலில் கேட்பவராக இருந்தால் போதும். அந்தச் சனிக்கிழமை வீரர் பயிற்சியாளரின் முன் போய் நிற்பதற்கு முன்னால், அந்த மருத்துவக் குழுக்காரர் முன் போய் நின்றிருக்க வேண்டும்.